ரீயூனியன்: கடலுக்கு முதுகு காட்டும் தீவு விடுமுறை

இந்தியப் பெருங்கடலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தீவுகள். விமானத்தில் முக்கால் மணி நேரத் தூரம். மொரீஷியஸில் தீவைச் சுற்றிப் பவளத்திட்டு, அதற்குள் அலை அடங்கிய தண்ணீர், கரை நெடுக ரிசார்ட்டுகள். அங்கே உள்ளதிலேயே உயரமான சிகரம் 828 மீட்டர். பிரான்ஸின் பகுதியான ரீயூனியனில் மேற்குக் கரையில் கொஞ்சம் மணல் உண்டு, மற்றதெல்லாம் மலை. 3,070 மீட்டரில் பிட்டோன் தே நேஜ் சிகரம், அதற்குத் தென்கிழக்கே இன்றைக்கும் குமுறிக்கொண்டிருக்கும் பிட்டோன் த லா ஃபூர்னேஸ் எரிமலை. இவ்வளவும் எழுபது கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத தீவுக்குள்.

மணலில் இரண்டு நாளைக்கு மேல் படுத்துக் கிடக்க முடியாது என்கிற ரகமாக இருந்தால், இரண்டில் ரீயூனியன்தான். மொரீஷியஸில் நடக்க இடமே இல்லை என்று சொல்லவில்லை. லே மோர்ன் பாறைமலை இருக்கிறது, பிளாக் ரிவர் காடு இருக்கிறது. ஆனால் அங்கே மலை என்பது ஒரு காலைப்பொழுதோடு முடிகிற சமாசாரம். இங்கே பத்து நாளும் அதுதான் வேலை.

இருந்தும் ரீயூனியன் போய்விட்டு உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் ஒன்றே: பத்து இரவுக்கும் மேற்குக் கரையில் சேன் ஜில் பக்கம் ஓட்டல் எடுத்துவிட்டு, தினமும் மலைக்குப் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது நியாயமாகத்தான் தெரியும். மேகம் அந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

மேகம் வரும் நேரம்

விடியும்போது மலைகள் துல்லியமாகத் தெரியும். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி ஈரக்காற்றை மேலே இழுக்கும். ஒன்பது, பத்து மணிக்குள் மேகம் பள்ளத்தாக்குகளை நிரப்பிவிடும். 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள மாயிதோ விளிம்பிலிருந்து மஃபாத் பள்ளத்தாக்கை முழுசாகப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்குப் போனால் கீழே உள்ள குக்கிராமங்களின் கூரைகளை எண்ணலாம். பதினோரு மணிக்குப் போனால் வெள்ளைத் திரைதான். சேன் ஜில்லிலிருந்து எரிமலை வாசலுக்குக் காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். விடிகாலையில் அங்கே நிற்க வேண்டுமானால் நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் செய்யலாம், தொடர்ந்து நாலு நாள் யாரும் செய்ய மாட்டார்கள்.

அதனால் தங்குமிடத்தைக் கடலிலிருந்து எத்தனை நிமிடம் என்று பார்க்காதீர்கள், எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்கள். பத்து இரவு இருந்தால் எங்கள் பங்கீடு இப்படி: எரிமலைக்கு அருகே பூர் முராவில் இரண்டு, மலைநடுவே உள்ள சிலாவோஸ் ஊரில் மூன்று, மஃபாத்துக்குள் இரண்டு, கடைசி மூன்று மேற்குக் கரையில். கடற்கரையை முதலில் வைத்துக்கொண்டால் பிறகு மலைக்குக் கிளம்ப மனசு வராது. கடைசியில் வைத்தால் வலிக்கும் முழங்காலுக்கும் ஆகும்.

எரிமலை

பூர் முரா சுமார் 1,600 மீட்டரில் இருக்கும் ஊர். பசு மேயும் புல்வெளி, மாலையானால் குளிர். அங்கிருந்து மேலே போகிற காட்டுச் சாலை ஒரு வளைவில் திரும்பியதும் பச்சை நின்றுவிடும். கீழே பிளேன் தே சாப்ல் என்ற செந்தவிட்டு நிறச் சமவெளி, அதன் நடுவே ஒற்றைத் தடம். இந்தத் தீவில் ஒரே ஒரு காட்சிதான் கிடைக்கும் என்றால் நாங்கள் இதைத்தான் கேட்போம். சாலை 2,311 மீட்டரில் பா த பெல்கோம்பில் முடிகிறது. கார் நிறுத்துமிடத்தை அடுத்து ஒரு வேலிக்கதவு, அதைத் தாண்டினால் செங்குத்துச் சுவரில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். கீழே இறங்கினால் எரிமலையின் உள்முற்றம்.

உள்ளே தடம் என்று வெட்டப்பட்ட பாதை கிடையாது. உறைந்த லாவா மீது சில மீட்டருக்கு ஒன்றாக வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்திருப்பார்கள். ஒரு பொட்டில் நின்று அடுத்த பொட்டைக் கண்ணால் பிடித்த பிறகே காலெடுத்து வைக்க வேண்டும். மேகம் இறங்கியதும் இந்த வெள்ளைப் பொட்டுகள்தான் முதலில் காணாமல் போகும். ஆட்கள் வழி தவறுவது இப்படித்தான். அடுத்த பொட்டு தெரியவில்லையா, கடைசியாகப் பார்த்த பொட்டிலேயே உட்கார்ந்து காத்திருங்கள். நேராகப் போனால் சுவர் வந்துவிடும் என்று நடந்தால் எதிர்த் திசையில் கடல்வரை சரிவு இருக்கிறது.

ஃபோர்மிக்கா லியோ என்ற சின்னச் சிவப்புக் கூம்புவரை போய் வர ஒன்றரை மணி நேரம் போதும், குழந்தைகளும் நடப்பார்கள். டோலோமியூ வாய்க்குழியின் விளிம்பில் உள்ள பார்வையிடம்வரை போய்த் திரும்ப ஐந்து, ஆறு மணி நேரம். 2007 ஏப்ரல் வெடிப்பின்போது இந்தக் குழியின் தளம் சுமார் 300 மீட்டர் உள்வாங்கிவிட்டது. விளிம்பு இன்னும் உதிர்கிறது, கயிற்றைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். நிழல் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் சுமக்க வேண்டும். எல்லாம் முடிந்து களைத்து வரும்போதுதான் அந்தப் படிகளை ஏற வேண்டியிருக்கும், அதற்குக் கொஞ்சம் தெம்பும் தண்ணீரும் மிச்சம் வையுங்கள்.

வெடிப்பு நெருங்குகிறது என்ற எச்சரிக்கை வந்ததுமே வேலிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். ஒரே வருடத்தில் பல முறை வெடிக்கிற மலை இது, ஆகவே உங்கள் நாளில் பூட்டியிருப்பது அபூர்வமல்ல. அப்போது சமவெளிப் பக்கமிருந்து விளிம்போடு பிட்டோன் த பெர்வரை நடக்கும் பாதையைக் கேளுங்கள். லாவா தெற்குப் பக்கம் ஒழுகினால் மேலிருந்து பார்க்க அதுதான் இடம். வெடிப்பு இரவில் கூட்டம் குவியும், கார்கள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். வெடிப்பு இல்லாத நாளில் பூர் முராவில் உள்ள எரிமலை அருங்காட்சியகத்தை மழை நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

சிலாவோஸும் சிகரமும்

கரையிலிருந்து சிலாவோஸுக்குப் போகும் சாலையில் நானூறு வளைவு என்று சொல்வார்கள். எண்ணிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளத்தான் சரியாக இருக்கும். இடையில் ஒற்றைக் கார் மட்டும் நுழையும் சுரங்கங்கள். எதிரே பஸ் வந்தால் நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். வாந்தி வருபவர்கள் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள், வளைவு தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனம் இல்லை. இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி வழியில் கருகல் வாடை அடிக்கும். வாடகைக் கார் எடுக்கும்போது இன்னொன்று: மிகச் சின்ன எஞ்சினில் நாலு பேரும் பெட்டிகளும் ஏறினால் இந்தச் சாலையில் முதல் கியரிலேயே முனகும். ஒரு படி பெரிய வண்டியாகக் கேளுங்கள். பலத்த மழையில் கல் உருண்டு சாலை அடைபடும், அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தின இரவை சிலாவோஸில் வைக்கக் கூடாது.

ஊர் 1,200 மீட்டரில், மூன்று பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் மலை. கேன்யனிங், அதாவது அருவிப் பள்ளத்தாக்கில் கயிறு பிடித்து இறங்குவது, செய்ய வேண்டுமானால் இங்கேதான். ஃபிளெர் ஜோன் என்ற பள்ளத்தாக்கு தீவிலேயே பேர் போனது. நியோப்ரீன் உடை, ஹெல்மெட், இடுப்புப் பட்டை எல்லாம் அவர்களே தருவார்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது நனையலாம் என்று விட்ட ஒரு ஷூ. முன்பதிவு செய்யும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: வழிகாட்டிக்கு பிரெஞ்சு அரசின் கேன்யனிங் சான்றிதழ் உண்டா, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், உயரமான கயிற்றிறக்கம் எத்தனை மீட்டர். மூன்றாவதற்கு மழுப்பல் பதில் வந்தால் விட்டுவிடுங்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடித்தாலும் பள்ளத்தாக்கில் வெள்ளம் பாயும். ரத்து செய்கிற வழிகாட்டி நல்ல வழிகாட்டி, பணத்தைத் திருப்பித் தருவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பிட்டோன் தே நேஜ் சிகரத்துக்கு ஊருக்கு மேலே லே பிளாக் என்ற இடத்தில் ஏற்றம் தொடங்குகிறது. 1,100 மீட்டர் ஏறினால் காவெர்ன் துஃபூர் விடுதி. இங்கே கிலோமீட்டரைப் பார்த்து நேரம் கணக்கிடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு 300 மீட்டர் உயரம் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும். ஆக மூன்றரை, நாலு மணி நேரம். இரவு கூட்டு அறையில் படுக்கை, காது அடைப்பான் அவசியம். விடியலுக்கு முன் நெற்றி விளக்கோடு மீதி 600 மீட்டர். எல்லோரும் செய்கிற பிழை, பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்ததும் தானும் எழுந்து ஓடுவது. ஜூலையில் சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகிவிடும். மூன்று மணிக்கே கிளம்பினால் உச்சியில் ஒன்றரை மணி நேரம் வியர்த்த சட்டையோடு குளிர்காற்றில் நடுங்க வேண்டும். உதயத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பு கிளம்பினால் போதும். மாற்றுச் சட்டை, காற்றுத் தடுக்கும் மேலங்கி, கையுறை. ஆடி மாதத்தில் அங்கே தண்ணீர் உறைகிற குளிர்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆளைச் சாய்க்கும். உச்சியிலிருந்து லே பிளாக்வரை ஒரே மூச்சில் கிட்டத்தட்ட 1,700 மீட்டர், அதுவும் முழங்கால் உயரப் படிகளில். ஊன்றுகோல் இரண்டு இல்லாமல் இறங்குவது வீம்பு. அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த ட்ரெக்கிங் ஷூவையும் நம்பாதீர்கள். பார்க்கப் புதிதுபோல் இருக்கும், ஆனால் அடிப்பாகத்தின் பாலியூரித்தேன் ஈரக்காற்றில் இற்றுப்போய் இரண்டாம் மணி நேரத்தில் மொத்தமாகப் பிய்ந்து வரும். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொண்டு படிக்கட்டுகளில் ஏறி இறங்கிப் பாருங்கள்.

மஃபாத்: சாலையே இல்லாத பள்ளத்தாக்கு

மஃபாத்துக்குள் கார் போகாது. அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் ஹெலிகாப்டரில் தொங்கி வரும், மனிதர்கள் நடந்து வருவார்கள். மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. ஏடிஎம் இல்லை, யூரோ நோட்டாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பலரும் பக்கத்துப் பள்ளத்தாக்கான சலாசியிலிருந்து கோல் தே பெஃப் கணவாய் வழியாக நுழைகிறார்கள், லா நூவெல் கிராமத்துக்கு இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சுலபம்தான். சிக்கல் எங்கே என்றால், உள்ளே போன பிறகு மார்லா வழியாக சிலாவோஸுக்குத் தாண்டிவிடலாம் என்று ஆசை வரும். கார் சலாசியில் நிற்கும். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தால் ஒரு நாள், ஆனால் சாலையில் தீவின் பாதியைச் சுற்ற வேண்டும். அதனால் சிலாவோஸில் காரை விட்டுவிட்டு, பஸ்ஸில் தாயிபீ கணவாய்ப் பாதைத் தொடக்கத்துக்குப் போங்கள். 2,081 மீட்டர் கணவாய் ஏறி மறுபுறம் மார்லாவில் முதல் இரவு. மறுநாள் த்ருவா ரோஷ் வழியாக லா நூவெல், ஆற்றுத் தண்ணீர் ஒரு பாறைப் பிளவுக்குள் விழுந்து மறைவதை த்ருவா ரோஷில் பார்க்கலாம். மூன்றாம் நாள் மார்லா, தாயிபீ என்று வந்த வழியே சிலாவோஸ். ஒரே கணவாயை இரண்டு முறை ஏற வேண்டுமே என்று சலிக்கலாம், டாக்ஸிக் கட்டணத்தை விசாரித்தால் சலிப்பு தீர்ந்துவிடும்.

உள்ளே தங்குவது ஜீட் எனப்படும் மலை விடுதிகளில். தீவின் சுற்றுலாத் துறை நடத்தும் மையப் பதிவில் பலவற்றையும் பிடிக்கலாம், சிலவற்றுக்கு நேரடியாகப் பேச வேண்டும், பிரெஞ்சில்தான். இரவுச் சாப்பாட்டையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சோறு, பருப்பு, காரமான ரூகாய் துவையல், கூடவே கோழியோ பன்றித் தொத்திறைச்சியோ, எல்லோருக்கும் ஒரே நீள மேஜையில். சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். அன்று மாலை போய்ச் சொன்னால் சோறும் பருப்பும் மட்டும்தான் கிடைக்கும், அதுவும் ருசியாகத்தான் இருக்கும் என்பது வேறு விஷயம். அக்டோபரில் தீவைக் குறுக்கே கடக்கும் மலையோட்டப் பந்தயமான கிராண்ட் ரெய்ட் நடக்கிறது. அந்த வாரத்தில் விடுதி, கார், வழி எதுவும் காலியாக இருக்காது. தேதியைப் பார்த்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

எந்தப் பாதை மூடியிருக்கிறது என்பதை பிரெஞ்சு வனத்துறை தன் தளத்தில் அறிவிக்கிறது. முந்தின இரவு அதைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். பாதை முனைகளில் நிறுத்தும் காரில் ஒரு பையைக்கூட விட்டுவைக்காதீர்கள், கண்ணாடி உடைப்பது சகஜம்.

கிழக்குப் பக்கம்

ஈரமான பக்கம், அதனால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரு நாளாவது கொடுக்க வேண்டும். 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இங்கே நிறைய. சேந்த் ஆந்த்ரேயில் கோபுரங்களும், தபால்பெட்டிகளில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நம் பெயர்களும் பார்க்கலாம். தீமிதியும் காவடியும் இன்றும் நடக்கின்றன. வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான், போன இடத்தில் தமிழில் பரீட்சை வைக்காதீர்கள். கோயிலுக்குள் தோல் பொருள் கூடாது, படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும்.

அருகே பிரா பனோனில் வனிலா கூட்டுறவு. வனிலாவைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் நுட்பத்தை 1841இல் இந்தத் தீவில்தான் எத்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்தான். பூ ஒரே காலைப்பொழுதுதான் மலர்ந்திருக்கும். மெல்லிய குச்சியால் நடுவே உள்ள சவ்வை உயர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திவிட வேண்டும். கைப்பழக்கம் உள்ளவர்கள் சில விநாடியில் செய்வார்கள். பூக்கும் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, மற்ற மாதங்களில் போனால் காய் பதப்படுத்துவதை மட்டுமே பார்க்கலாம்.

இன்னும் தெற்கே பிட்டோன் சேந்த் ரோஸில், 1977 லாவா வாசலோடு நின்றுபோன தேவாலயம். அதைத் தாண்டி சாலை பழைய லாவா ஓட்டங்களின் மேலேயே போகிறது. 2004 ஓட்டம் விட்டுச்சென்ற லாவாக் குகைகளுக்குள் வழிகாட்டியோடு போகலாம். ஹெல்மெட்டும் முழங்கால் உறையும் தருவார்கள், தவழ வேண்டிய இடங்கள் உண்டு, மூடிய இடம் ஆகாதவர்கள் வேண்டாம்.

கடைசி மூன்று நாள்

சுறா தாக்குதல்களுக்குப் பிறகு 2013 முதல் பவளத்திட்டுக்குள் அடங்கிய நீரிலும் கண்காணிப்பு உள்ள இடங்களிலும் தவிர வேறெங்கும் குளிக்கத் தடை. எர்மிதாஜ், லா சலின் கடற்கரைகள் போதும். அலை அழகாக இருக்கிறதே என்று வேறு கரையில் இறங்காதீர்கள். சேன் லெவில் பாராகிளைடிங் நன்றாக நடக்கிறது. சுமார் 800 மீட்டரிலிருந்து கிளம்பிக் கடலோரம் இறங்குவார்கள். காலை முதல் நேரத்தைக் கேளுங்கள், பிறகு கிளம்புமிடத்தையே மேகம் மூடும். எடை வரம்பு உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். அதே ஊரில் கெலோனியாவில் காயம்பட்ட கடலாமைகளைத் தேற்றுகிறார்கள், இரண்டு மணி நேரம் போகும். ஜூன் முதல் அக்டோபர் வரை கூனல்முதுகுத் திமிங்கிலங்கள் வரும். எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறும். "கட்டாயம் பார்ப்பீர்கள்" என்று எழுதிக் கொடுக்கும் படகுக்காரரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்கூபா டைவிங் விஷயத்தில் ஒரு கவனம். முங்கி எழுந்த அன்றே மாயிதோவுக்கோ எரிமலைக்கோ காரில் ஏறக் கூடாது. உடம்பில் கரைந்த நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும், விமானத்தில் நடப்பதேதான். மலையெல்லாம் முடிந்த பிறகு முங்குங்கள், விமானத்துக்கு முன் இருபத்து நாலு மணி நேரம் விடுங்கள்.

மே முதல் நவம்பர் வரை போங்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை புயல் மழை. 2007 பிப்ரவரியில் கமேத் புயலின்போது கொமெர்சோன் என்ற மலைப்பகுதியில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது, அது உலக சாதனை. சிவப்பு எச்சரிக்கை வந்தால் யாரும் வெளியே வரக் கூடாது என்பது சட்டம். தண்ணீர் பாயும் தரைப்பாலத்தை எந்த மாதத்திலும் கடக்காதீர்கள். சிக்குன்குனியா பரவிய தீவு என்பதால் கொசு விரட்டி எல்லாக் காலத்துக்கும்.

ஆறு வயதுக்குக் கீழ் குழந்தையோ முழங்கால் வலியுள்ள பெரியவர்களோ கூட வந்தால் மொரீஷியஸுக்கே போங்கள், அவர்களுக்கு இங்கே காரும் ஓட்டலும்தான் மிஞ்சும். இரண்டு தீவையும் சேர்ப்பதானால் ரீயூனியன் முதலில். கார் ஓட்டுபவருக்கு: மொரீஷியஸில் இடப்பக்கம், இங்கே வலப்பக்கம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, இது பிரான்ஸின் பகுதிதான் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஐரோப்பாவுக்கு வாங்கிய ஷெங்கன் விசாவை மட்டும் நம்பி டிக்கெட் போட்டால் விமானத்திலேயே ஏற்றாமல் போகலாம், விண்ணப்பத்தில் சேருமிடம் ரீயூனியன் என்று தனியாகக் குறிப்பிடுங்கள்.